ஆரஞ்சு அக்காவின் கடைவாய்ப் பற்கள்

அந்தப் பகுதியின் எழுநூற்றுச் சொச்சம் வீடுகளில் அவளை மீட்டரம்மா என்றுதான் தெரியும். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. வாசலுக்கு வெளியே தரையில் பதித்திருக்கும் இரும்பு மூடியை ஒரு கை நீளக் கொக்கியால் நெம்பித் திறக்க வேண்டும். சிலந்தி வலையைத் துடைத்துவிட்டு, கண்ணாடிக்குக் கீழே நிற்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, மூடியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். வெயிலுக்குத் தொப்பி, தூசிக்கு மூக்கையும் வாயையும் மறைத்துக் கட்டிய துண்டு, மேலே வாரியம் கொடுத்த ஆரஞ்சு நிற மேல்சட்டை. பதினாறு வருடமாக இப்படித்தான்.

மூடியைத் திறக்கக் குனிந்திருப்பவளை யாரும் மனுஷியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் வீட்டுக்குள் நடப்பதெல்லாம் அவள் காதில் விழும். பாட்டு விழும், சிரிப்பு விழும், அடி விழுகிற சத்தமும் விழும். நீலக் கதவு வீடு ஒன்று இருந்தது. ஆறேழு மாதம், போகும்போதெல்லாம், உள்ளே ஒரு பெண் குரலை அடக்கிக்கொண்டு அழுவது கேட்கும். அவள் எண்ணைக் குறிப்பாள், மூடியைப் போடுவாள், போய்விடுவாள். நமக்கெதற்கு வம்பு என்றுதான். ஒரு மாதம் போனபோது கதவு பூட்டிக் கிடந்தது. 'வீடு பூட்டியுள்ளது' என்று புத்தகத்தில் எழுதினாள். அடுத்த மாதமும் அதையே எழுதினாள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் இருந்தது. அவள் கேட்கவில்லை.

அதற்கு மூன்று வருடம் கழித்து, ஒரு காலை பதினோரு மணிக்கு, அவள் மூடியைத் திறந்துகொண்டிருந்த வீட்டின் கதவு படாரென்று திறந்தது. ஒருவன் தன் மனைவியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துப் படிக்கட்டில் தரதரவென்று இழுத்துவந்தான். அந்தப் பெண்ணின் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. மீட்டரம்மாவுக்கு யோசித்ததாக நினைவில்லை. கையில் கொக்கி இருந்தது. அவன் முழங்காலுக்குப் பின்னால் ஒரே வீச்சு. ஆள் மடங்கி விழுந்தான். எழப் பார்த்தவனின் தோளில் இன்னொன்று. "இன்னொரு தடவை கை வச்சே, அந்தக் கை இருக்காது" என்றாள். தன் குரல் அத்தனை நிதானமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் அதைக் கைபேசியில் எடுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. முகம் தெரியவில்லை. தொப்பியும் துண்டும் ஆரஞ்சுச் சட்டையும்தான் தெரிந்தன. யாரோ ஒரு புண்ணியவான் 'ஆரஞ்சு அக்கா' என்று பேர் வைத்தார்.

அன்றைக்கு அவள் அசந்து தூங்கினாள். பல வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது போலிருந்தது. அந்தத் தூக்கத்தின் ருசிதான் அவளைக் கெடுத்தது என்று பிற்பாடு கணவரிடம் சொன்னாள்.

ஏனென்றால் அது ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாளிலிருந்து அவள் கண்ணுக்கு எல்லாமே தெரிய ஆரம்பித்தது. பேருந்தில் ஒருவன் கையைத் தொங்கவிட்டிருக்கும் விதம், கடை வாசலில் அணைக்காமல் நிறுத்தியிருக்கும் பைக், ஜன்னல் சட்டென்று சாத்தப்படும் சத்தம். பத்து நாளில், பையைப் பறித்துக்கொண்டு வண்டியில் பறந்த ஒருவனைக் கொக்கியால் வண்டியோடு சாய்த்தாள். அடுத்த மாதம், குடியிருந்த நோயாளியின் சாமான்களைத் தெருவில் வீசிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து, வீசியதையெல்லாம் அவர் கையாலேயே திரும்ப மாடிக்குச் சுமக்க வைத்தாள். இரண்டும் படமாகிவிட்டன. கார்களின் பின்கண்ணாடியில் ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் வரைந்த படம் ஒட்டினார்கள். வாரியத்தின் மேற்பார்வையாளர் கொக்கியைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் வெளியே சொல்லவில்லை. "நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு இதுவரைக்கும் திட்டு மட்டும்தான்மா கிடைச்சிருக்கு" என்றார், கிட்டத்தட்டக் கண்கலங்கி.

அவர் சொல்லாவிட்டாலும் தெருக்காரர்களுக்குக் கண் இல்லையா என்ன? மெல்ல மெல்ல விஷயம் கசிந்தது. மூடியைத் திறக்கக் குனிந்தால் மேலே நாலு தலை எட்டிப் பார்க்கும்.

"அக்கா, மாடிவீட்டுக்காரன் ராத்திரியெல்லாம் நாற்காலிய இழுக்கறான். ஒரு வார்த்தை மிரட்டிட்டுப் போங்க."

"அக்கா, என் மச்சினன் இருக்கானே, அவன ஒரு தட்டு தட்டணும். பலமா வேண்டாம். சும்மா, புத்தி வர்ற அளவுக்கு."

அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். உண்மையாகவே அடிவாங்குகிற வீட்டிலிருந்து ஒருத்தரும் வந்து கேட்டதில்லை. அந்த வீடுகளில் அவளைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்தினார்கள்.

கணவருக்கு வேலை பல் ஆய்வுக்கூடத்தில். மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பார். ஊர்ப்பட்ட வாயெல்லாம் பார்த்த மனுஷன், வீட்டில் மட்டும் வாயைத் திறப்பது குறைவு. ஒரு காலை அவள் கொட்டாவி விட்டபோது எட்டிப் பார்த்தவர், தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"கடைவாய்ப் பல் ரெண்டும் தேஞ்சு போயிருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி நான் பார்த்த பல்லே இல்ல இது. தூக்கத்துல கடிக்கற."

"எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியுமே. பக்கத்துல கல்லு அரைக்கற மிஷினோட படுத்திருக்கறது நான்தானே."

அச்சு எடுத்து, பற்களுக்கு உறை மாதிரி ஒன்று செய்து கொடுத்தார். சாதாரணமாக இரண்டு மூன்று வருடம் வரும் என்றார். அவள் மூன்று வாரத்தில் கடித்துத் துளைத்துவிட்டாள். அவர் அதை விரலிடுக்கில் பிடித்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொன்று செய்தார், கொஞ்சம் கனமாக.

மீட்டர் புத்தகத்தின் பின்பக்கங்களில் அவள் வண்டி எண்களை எழுத ஆரம்பித்திருந்தாள். சந்தேகப்பட்ட ஆட்களின் அடையாளம், நேரம், இடம். முன்பக்கத்தில் எண்கள் தப்பின. முதியவர் ஒருவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு நீச்சல் குளத்துக்குரிய தண்ணீரை எழுதிவைத்தாள். மேற்பார்வையாளர் கூப்பிட்டு, இந்தத் தடவை கண்கலங்காமல், கண்டித்தார்.

பதினோராம் வகுப்பு படிக்கும் மகளோடு ஒரு நாள் செருப்புக் கடைக்குப் போனாள். மகள் செருப்பைப் போட்டுப் பார்க்கும் நேரத்தில் அவளுக்குப் பின்னால் ஒருவர் இரண்டு தடவை வந்து நின்றார். மீட்டரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, "என்னய்யா பார்க்கற?" என்றாள். அவர் பார்த்தது அலமாரியில் இருந்த எட்டாம் எண் செருப்பை. மகளின் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆசிரியர் வேறு.

வெளியே வந்ததும் மகள் சொன்னாள்: "இனிமே உன்கூட எங்கயும் வரமாட்டேன்மா. நீ என்னைப் பார்க்கறதே இல்ல. என்னைச் சுத்தி இருக்கறவங்களத்தான் பார்க்கற."

இது அவளைச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் வீடு திரும்பும் வழியில், எஞ்சினை அணைக்காமல் நின்ற இரண்டு பைக்கின் எண்களை மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பத்து மணி இருக்கும். அகலமான தெரு, நல்ல வெளிச்சம். ஒரு வாடகைக் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் வயதான ஒரு பெண்ணைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப்பிடித்துக் காருக்குள் திணித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா காலை உதைத்துக்கொண்டு அலறினாள்: "யாருடா நீ? விடுடா என்னை! யாராவது வாங்களேன்! என்னைத் தூக்கிட்டுப் போறான்!"

மீட்டரம்மா ஓடினாள். ஏன், என்ன என்று ஒரு சொல் கேட்கவில்லை. கொக்கி இறங்கியபோது சுள்ளி முறிவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தார். தெருவில் கைதட்டல். கைபேசிகள் உயர்ந்தன. யாரோ விசிலடித்தார்கள்.

தரையில் கிடந்தவர் வலியில் பேச்சு வராமல், இன்னொரு கையை நீட்டி எதையோ காட்டினார். "அம்மா" என்றார். "எங்கம்மா. நினைவு தப்பிப் போச்சு அவங்களுக்கு. ஆஸ்பத்திரிக்கு... புடிங்க அவங்கள, ஐயோ, புடிங்களேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா இல்லை.

அதற்குப் பிறகு நடந்த நாலு மணி நேரத்தை அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஓடினாள். முதலில் ஆற்றுப்பாலத்துக்கு, பிறகு ரயில் பாதைக்கு, பிறகு ஒவ்வொரு சந்தாக. மீட்டரம்மாவுக்குத் தெரியாத சந்தா? எந்த வீட்டுக்குப் பின்வாசல் உண்டு, எந்தச் சுவர் இடிந்திருக்கிறது எல்லாம் அத்துப்படி. அத்தனையிலும் தேடினாள். வழியில் மூன்று பேர் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். ஒருத்தியைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். "அக்கா ரொம்ப பிஸி" என்று தள்ளப்பட்டவள் பின்னாலிருந்து சிரித்தாள்.

இரண்டு மணிக்கு அந்த அம்மா கிடைத்தாள். மரச்சாமான் கடையொன்றில், விலைச்சீட்டு தொங்கும் கட்டிலில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நன்றாகப் படுத்திருந்தாள். கடைக்காரர், வாங்கப்போகிற கட்டிலில் படுத்துப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, விசிறியைக்கூட அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

காவல் நிலையத்தில் மீட்டரம்மா முதல் தடவையாகத் துண்டை அவிழ்த்துவிட்டு நின்றாள். "நான்தான் அடிச்சேன். தப்பான ஆள அடிச்சுட்டேன். கேஸ் எழுதுங்க."

ஆய்வாளர் தேநீர் வரவழைத்தார். "உக்காருங்கக்கா. இவ்வளவு நல்லது செய்யற இடத்துல ஒண்ணு ரெண்டு இப்படி அப்படி ஆகறதுதான். அந்த ஆளு புகார் கொடுத்தா பார்த்துக்கலாம். எங்க வீட்ல என் பொண்ணு உங்க விசிறி, தெரியுமா?"

"தோள்பட்டை எலும்பு உடைஞ்சிருக்கு சார்."

"ஒட்டிக்கும்."

அவள் தேநீரைத் தொடவில்லை. ஊரில் ஒருத்தனாவது தன்னைத் திட்ட மாட்டானா என்றிருந்தது. அன்று மாலையே படம் வந்துவிட்டது. கொக்கி இறங்குவது, கைதட்டல், அவ்வளவுதான். 'அம்மா' என்று அவர் சொன்னதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள். 'மூதாட்டியைக் கடத்த முயன்றவனைச் சாய்த்த ஆரஞ்சு அக்கா.' பத்து லட்சம் பேர் பார்த்தார்கள்.

திட்டியது கணவர்தான். கல்யாணம் ஆகி இருபது வருடத்தில் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார்.

"உனக்கு நியாயம் வேணுமா, இல்ல யாரையாவது அடிக்கணுமா? எது வேணும்னு முடிவு பண்ணு முதல்ல."

"கேட்டுக்கிட்டே போனவ நான்! பதினாறு வருஷம் காதுல வாங்கிக்கிட்டே போனேன். அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"அப்பவும் நீ சரியா இல்ல. இப்பவும் சரியா இல்ல. நடுவுல ஒரு இடம் இருக்கும்ல? அங்க யாராவது கூட்டிட்டுப் போனாத்தான் போவ போலிருக்கு. நான் பல்லு செய்யறவன், எனக்கு அந்த வழி தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட போலாம் வா."

அப்படித்தான் அவள் மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தாள். அரசு ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், ஆடும் மேசையின் காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகியிருந்த ஒரு சின்ன அறை. மருத்துவர் அவளைவிடப் பத்து வயது சிறியவள்.

"சின்ன வயசுல உங்களுக்கு ஏதாவது நடந்துச்சா? யாராவது அடிச்சாங்களா?"

"இல்ல. எங்கப்பா என்னைத் திட்டினதுகூட இல்ல."

"நெருங்கினவங்க யாருக்காவது?"

"எல்லாரும் இதையே கேக்கறாங்க. ஏதோ ஒரு பெரிய காரணம் இருக்கணுமா? எனக்கு ஒண்ணும் நடக்கல டாக்டர். மத்தவங்களுக்கு நடந்துச்சு. நான் பக்கத்துல குனிஞ்சு நம்பர் எழுதிக்கிட்டு இருந்தேன்."

நீலக் கதவு வீட்டைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதது. சொன்ன பிறகு நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தாள், இறங்கவில்லை. எரிச்சலாக வந்தது. மருத்துவர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதினாள், மூன்று மாதம் கொக்கி வேலை வேண்டாம் என்று வாரியத்துக்குக் கடிதம் கொடுத்தாள், வாரம் ஒரு முறை வரச் சொன்னாள். "சரியாயிடுமா?" என்று கேட்டதற்கு, "குறையும்" என்றாள்.

மறுநாள் காலை அவள் அடிபட்டவரின் வீட்டுக்குப் போனாள். அவர் கண்ணாடி வெட்டும் தொழில் செய்பவர். முன்னறையே பட்டறை. ஜன்னலுக்கு அளவெடுத்த கண்ணாடிகள் வெட்டப்படாமல் சுவரில் சாய்ந்திருந்தன. கை கழுத்தோடு கட்டித் தொங்கியது. அவளை யாரென்று அடையாளம் தெரிந்ததும் அவர் முகம் இறுகிவிட்டது.

"மன்னிப்பு கேக்க வந்தீங்களா?"

"ஆமா."

"அத வச்சு நான் என்ன பண்றது? போன வாரம் என் தெருவுல ரெண்டு பேர் என்னைப் பார்த்துக் காறித் துப்பிட்டுப் போனாங்க. பெத்த தாயக் கடத்தினவன்னு. வாடிக்கைக்காரங்க ஃபோன எடுக்க மாட்டேங்கறாங்க." அவருக்கு மூச்சு வாங்கியது. "அத விடுங்க. உள்ள அம்மா படுத்திருக்காங்க. தினமும் காலைல தூக்கி உக்கார வைக்கணும், குளிப்பாட்டணும். ஆறு வாரத்துக்கு இந்தக் கை தூக்காது. சொல்லுங்க, யார் தூக்குவா?"

அவள் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ஆறு வாரமும் போனாள். காலை ஏழு மணிக்கு. அவர் ஒரு நாளும் வாங்க என்று சொன்னதில்லை, கதவை மட்டும் திறந்து வைத்திருப்பார். அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு காலையும் அவள் புது ஆள். "யாரு நீ? விடு என்னை! கொல்ல வந்திருக்கா!" என்று நகத்தால் கீறுவாள், முடியைப் பிடித்து இழுப்பாள். ஐந்தாம் நாள் குளியலறையில் மீட்டரம்மாவின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. அவள் கை தானாக மேலே போனது. பாதியில் நின்றது. அப்படியே அந்தக் கையால் சோப்பை எடுத்துக்கொண்டாள். அந்த அம்மாவின் முதுகைத் தேய்த்துவிட்டாள். இதை அடுத்த வாரம் மருத்துவரிடம் சொன்னாள். இத்தனை நாள் நடந்ததில் வேறு எதையும்விட அந்த அரை விநாடிதான் அவளைப் பயமுறுத்தியது.

இன்னொரு நாள் வெளிக்கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், கையில் பல்துலக்கியோடு நின்றிருந்தார்.

"உள்ள யாரோ கத்தற சத்தம் கேட்டுச்சு. எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

கண்ணாடிக்காரர் விளக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்து அந்த அம்மாவை ஒரு முறை பார்த்தார், "ஏதாவது உதவி வேணும்னா சுவரைத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஈரத் துண்டோடு நின்றிருந்த மீட்டரம்மாவுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஒரு வார்த்தை கேட்பது இவ்வளவுதானா? இதற்கா இத்தனை பாடு?

"எல்லாத்தையும் கேட்டுட்டா செய்ய முடியும்?" என்று அந்த வாரம் மருத்துவரிடம் சண்டைக்கே போனாள். "முதல் தடவை நான் கேட்டுக்கிட்டு நின்னிருந்தா அந்தப் பொண்ணோட மண்டை படியில அடிபட்டிருக்கும்."

"இருக்கலாம்."

"அப்ப நான் செஞ்சது சரிதானே?"

"அது சரி. அதுக்கப்புறம் நீங்க பார்த்த எல்லாமே அது மாதிரி இல்ல. எது அது, எது இல்லன்னு பிரிச்சுப் பார்க்கற இடம்தான் உங்களுக்குள்ள தேஞ்சு போயிருக்கு. அதுக்குத்தான் இங்க வர்றீங்க."

"சில நேரம் தப்பு நடக்கும். கேக்கறதுக்குள்ள தப்பு செஞ்சவன் போயிடுவான்."

"சில பேர் போயிடுவாங்க" என்றாள் மருத்துவர். மீட்டரம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இன்றுவரை பிடிக்கவில்லை.

ஆறாம் வாரக் கடைசியில் கட்டு பிரித்தார்கள். கண்ணாடிக்காரர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார்.  அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"உங்க பேர் கெட்டுக் கிடக்கே, அதுக்கு நான் ஏதாவது செய்யணும்."

"செய்யுங்க" என்றார் அவர். கண்ணாடியில் கோடு கிழிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று மாலை மகளைக் கூப்பிட்டாள். சமையலறை மேசையில், தொப்பியும் துண்டும் இல்லாமல், வெளுத்துப்போன வீட்டு உடையில் உட்கார்ந்தாள். மகள் கைபேசியைச் சாய்த்து வைத்து எடுத்தாள். அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கடத்தவில்லை, தன் தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், நான் கேட்காமல் அடித்தேன், எலும்பு உடைந்தது, எனக்கு வைத்தியம் நடக்கிறது, இனி யாரும் என்னைத் தேட வேண்டாம். 

இரண்டு நாளில் இருநூற்றுப் பதினாறு பேர் பார்த்திருந்தார்கள். கீழே ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். மகள் படித்துக் காட்டினாள்.

'யார் இந்த அம்மா? உண்மையான அக்கா இவ்வளவு குள்ளம் கிடையாது.'

'பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறாள்.'

'அக்காவின் புகழைக் கெடுக்கச் சதி.'

மீட்டரம்மா மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். குவளை உருண்டது. "பதில் எழுது. நான்தான்னு எழுது. என் கொக்கியப் படம் எடுத்துப் போடு!"

"எழுதினா நம்பிடுவாங்களாம்மா?" என்றாள் மகள்.

கணவர் எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். ஒன்பதாவதைச் சுட்டிக்காட்டினார். எழுதியவர் பேர் இல்லை, படமும் இல்லை. 'இவங்க சொல்றது உண்மை. எங்க அம்மாவைப் பத்தித்தான் சொல்றாங்க. இன்னைக்குக் காலைல ஒரு வீட்ல அஞ்சு ஜன்னலுக்கு அளவெடுக்கக் கூப்பிட்டிருக்காங்க.' அவ்வளவுதான் இருந்தது.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். மன்னித்துவிட்டாரா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

வாரியத்தில் இப்போது அவளுக்குப் புகார்ப் பிரிவில் வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, தண்ணீர் வரவில்லை, வந்தால் கலங்கலாக வருகிறது என்பவர்களின் கத்தலைக் காலை முதல் மாலை வரை கேட்க வேண்டும். ஒவ்வொருவரிடமும், "எப்போதிலிருந்து? முதலில் என்ன நடந்தது?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவளுக்கு அந்த வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் பழைய வேலைக்குப் போகலாம் என்று மேற்பார்வையாளர் சொன்னபோது, இன்னும் மூன்று மாதம் இங்கேயே இருக்கிறேன் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள்.